ஏழு நிமிட ஓட்டமும் ஒரு முட்டி வலியும்

காவலர் பணிக்கான உடற்தகுதித் தேர்வுக்குத் தயாரான ஓர் இளைஞரின் முழங்கால் வலி பற்றிய பதிவு இது. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் தவிர்த்திருக்கிறேன். எழுத்துத் தேர்வு முடிவு வந்த சில வாரங்களிலேயே இதே வலியோடு பிள்ளைகள் பிசியோதெரபி கிளினிக் வாசலில் வந்து நிற்பது ஒவ்வொரு தேர்வுக் காலத்திலும் நடக்கிறது. வலி வந்த வழியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. பயிற்சி கொடுப்பவர்களும் ஓடுபவர்களும் படித்தால் சிலராவது தப்புவார்கள் என்ற எண்ணத்தில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பின்னணி

வயது 22. பட்டப்படிப்பு முடித்தவர். அதிகாலையில் அகாடமி, பகலில் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வைத் தாண்டியிருந்தார். அடுத்தது உடல் அளவும் 1500 மீட்டர் ஓட்டமும். ஆண்கள் அதை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்காதவருக்குக் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் போன்ற அடுத்த கட்டங்கள் கிடையாது, அதோடு வீட்டுக்குத்தான்.

எழுத்துத் தேர்வுக்குப் படித்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டரை கிலோமீட்டர் போல ஓடிக்கொண்டிருந்தார். வாரக் கணக்கில் ஏழரை கிலோமீட்டர். முடிவு வந்த மறுநாளே அது தலைகீழாக மாறியது. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 8 கிலோமீட்டர், ஆக 48. ஆறு மடங்குக்கும் மேல். மழையில் பள்ளி மைதானம் சேறாகிக் கிடந்ததால் ஓட்டம் பைபாஸ் தார்ச்சாலைக்குப் போனது. வாரம் ஒருநாள் மலைக்கோவில் படியில் ஏறி இறங்கும் ஓட்டம் வேறு. தினமும் ஓடி முடித்ததும் தவளைப் பாய்ச்சல், வாத்து நடை. பின்தங்கியவர்களுக்குத் தண்டனையாக அதுவே இன்னொரு சுற்று.

மூன்றாவது வாரத்தில் வலது முட்டியின் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கினார், நீ கேப் போட்டுக்கொண்டு ஓடினார். பிறகு வலி ஊசி போட்டுக்கொண்டு ஓடினார். ஊசி போட்ட அன்று வலி இல்லாததால் வழக்கத்தைவிட வேகமாக ஓடியதாகச் சொன்னார். அடுத்த இரண்டு நாள் படி இறங்க முடியவில்லை. அதன் பிறகுதான் எம்ஆர்ஐ ஸ்கேன். செலவு அவருடைய அரை மாதச் சம்பளம். அறிக்கையில் முட்டிச் சில்லுக்குப் பின்னால் உள்ள குருத்தெலும்பு லேசாக மென்மையாகி இருப்பதாக ஒரு வரி இருந்தது. ஆறு வாரம் முழு ஓய்வு, ஓட்டமே வேண்டாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. தேர்வுத் தேதி அறிவிக்கப்படவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் வராது என்பது அகாடமியில் இருந்த பேச்சு. ஆறு வாரம் உட்கார்ந்துவிட்டு மிச்சம் இருக்கும் நாளில் எழுந்து ஓடினால் என்ன ஆகும் என்ற கணக்கு அவருக்கே தெரிந்திருந்தது.

முதல் நாள் பார்த்தது

அம்மாவோடு வந்தார். அவரைவிட அம்மாதான் அதிகம் பேசினார்.

"சார், ஜவ்வு தேஞ்சு போச்சாம். இருவத்திரெண்டு வயசுலயே தேஞ்சா இவன் காலம் முழுக்க எப்படி சார் நடப்பான்?"

வலி எங்கே என்று கேட்டால் ஒரு விரலால் ஒரு புள்ளியைக் காட்ட அவரால் முடியவில்லை. உள்ளங்கையை முட்டிச் சில்லின் மேல் வைத்து "இங்க எல்லாம் சார்" என்றார். படி இறங்கும்போது, குந்தி எழும்போது, பஸ்ஸில் ஒரு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்த பிறகு வலி. மடக்கி நீட்டும்போது கரகரவென்று சத்தம். வீக்கம் இல்லை. முட்டி பூட்டிக்கொள்ளவில்லை, நடக்கையில் நழுவவில்லை, இரவில் எழுப்பவில்லை. கீழே விழுந்ததோ திருகிக்கொண்டதோ கிடையாது.

கையால் பார்த்ததில் மூட்டு முழுதாக மடங்கியது, நீண்டது. எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட்களும், மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸும் சரியாக இருப்பதாகவே சோதனைகள் காட்டின. சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரை அழுத்தினால் வலியில்லை. முட்டிக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பின் நீளம் முழுக்க விரலால் தட்டிப் பார்த்தேன். தார்ச்சாலை ஓட்டத்தில் வரும் நுண்விரிசலுக்கான குறியும் இல்லை. குந்தச் சொன்னபோது பாதி வழியில் அதே பழகிய வலி வந்தது. வலி முட்டிச் சில்லும் தொடை எலும்பும் சேரும் இடத்தைச் சார்ந்தது என்று முடிவு செய்ய இந்தக் குந்தல் சோதனைதான் நம்பகமானது. கரகர சத்தத்துக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, வலியே இல்லாத முட்டிகளிலும் அது கேட்கும்.

பிறகு 20 செ.மீ. உயரப் பலகையில் வலது காலில் நின்று, இடது குதிகாலால் தரையைத் தொட்டுவிட்டு நிமிரச் சொன்னேன். முதல் முறையிலேயே வலது முட்டி கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் போனது. இடுப்பு இடது பக்கம் இறங்கியது. நான்காவது முறையில் கை தானாகச் சுவரைத் தேடியது. இடது காலில் இது எதுவும் இல்லை. வலது தொடையின் முன்தசையிலும் இடுப்பின் பக்கத் தசையிலும் பலம் குறைவு என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

ஒர்க்‌ஷாப்பில் எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டதும் நாற்காலியிலிருந்து இறங்கி அப்படியே குந்திக் காட்டினார். குதிகால் தூக்கியிருந்தது, வலது முட்டி முன்னால், உடம்பு முழுக்க அதன் மேல் சாய்ந்திருந்தது. செயின் செட் மாற்றுவதும் வீல் கழற்றுவதும் இந்த நிலையில்தான், ஒரு நாளில் எத்தனை வண்டி வந்தாலும். ஓட்டத்தின் கிலோமீட்டரை மட்டும் குறித்துக்கொண்டிருந்தால் இந்தப் பாரம் கணக்கிலேயே வந்திருக்காது.

முட்டிச் சில்லின் மேல் விழும் அழுத்தம் நடக்கும்போது உடல் எடையில் பாதி அளவு, படி ஏறி இறங்கும்போது மூன்று மடங்குக்கு மேல், ஆழமாகக் குந்தி எழும்போது ஏழெட்டு மடங்கு என்பது 1972-ல் வெளியான ஓர் அளவீட்டிலிருந்து இன்றும் எடுத்துச் சொல்லப்படும் கணக்கு. இவர் எடை 68 கிலோ. ஒரு தவளைப் பாய்ச்சலுக்குக் குந்தி எழும்போது அந்தச் சில்லு எவ்வளவு தாங்குகிறது என்பதைத் தாளில் பெருக்கிக் காட்டினேன். ஐந்நூறு கிலோவுக்கு மேல் வந்தது. பழகிய முட்டி அதைத் தாங்கும், சந்தேகமில்லை. பழகுவதற்கு இவருடைய முட்டிக்கு மூன்று வாரம்தான் கிடைத்திருந்தது.

குயாலா அளவுகோலில் (முன்முட்டி வலிக்காக 1993-ல் பின்லாந்தில் உருவான 13 கேள்விப் பட்டியல், வலியே இல்லாதவருக்கு 100) அன்று அவர் மதிப்பெண் 66.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் வேலை அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்வது. வலியே இல்லாமல் ஓடித் திரிபவர்களை ஸ்கேன் எடுத்தாலும் குருத்தெலும்பில் இப்படிப்பட்ட மாற்றங்கள் பலரிடம் தெரியும். இந்த வலிக்குக் காரணம் ஆறு மடங்கு ஏறிய பாரம். பாரத்தைச் சரிசெய்தால் வலி இறங்கும் என்று இருவரையும் வைத்துச் சொன்னேன். இதற்கே அன்றைய நேரத்தில் பாதி போனது. அந்த நேரம் வீணில்லை. முட்டி தேய்ந்துவிட்டது என்று நம்புகிறவர் காலை ஊன்றவே பயப்படுவார். பயந்து பயந்து ஊன்றும் காலில் பலம் ஏறாது.

இரண்டாவது, முழு ஓய்வு வேண்டாம் என்ற முடிவு. ஓய்வில் வலி குறையும். கூடவே தாங்கும் திறனும் குறையும். கனடாவின் கியூபெக்கில் இதே வலி உள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்து 8 வாரம் கவனித்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஒரு குழுவுக்குப் பாரத்தை எப்படிக் கூட்டிக் குறைப்பது என்ற அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்கு அதோடு உடற்பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு அறிவுரையோடு ஓடும் முறையில் மாற்றம். மூன்று குழுவுமே ஏறத்தாழ ஒரே அளவு தேறின. ஓட்டத்தை அளந்து கொடுப்பதுதான் மருந்தின் பெரும்பகுதி என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அப்படியானால் உடற்பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். இவருக்கு ஓட்டம் மட்டும் போதாது. கயிறு ஏற வேண்டும், தாண்ட வேண்டும், நாள் முழுக்க வண்டியடியில் வேலை செய்ய வேண்டும். அதே 2018-ல் சர்வதேச நிபுணர்கள் கூடி வெளியிட்ட ஒருமித்த கருத்தும் இடுப்பு, முட்டி இரண்டுக்குமான பயிற்சியைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. அல்ட்ராசவுண்ட் போன்ற மின்சிகிச்சைகளை இந்த வலிக்கு அது பரிந்துரைக்கவில்லை. அதனால் "கரண்டு வைக்க மாட்டீங்களா சார்?" என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தவளைப் பாய்ச்சல், வாத்து நடை, படி இறங்கும் ஓட்டம் மூன்றும் நின்றன. ஓட்டம் ஒருநாள் விட்டு ஒருநாள், மண் தரையில்: இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, ஆறு முறை. ஓடும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை படி இறங்கும்போது முந்தைய நாளைவிட அதிகமாக இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று மீறினால் அடுத்த ஓட்டம் ஒரு படி குறையும். ஒர்க்‌ஷாப்பில் குந்துவதற்குப் பதில் உயரம் குறைந்த ஸ்டூல். முதலாளி பெரிய மனசோடு அன்றே ஒன்று வாங்கிப்போட்டார்.

ஓடுவதை செல்போனில் பக்கவாட்டில் படமெடுத்து எண்ணியதில் நிமிடத்துக்கு 156 காலடி வந்தது. பாதம் உடம்புக்கு வெகுமுன்னால் போய் விழுந்தது. வேகத்தைக் கூட்டாமல் காலடியைச் சுருக்கி 168 காலடிக்குக் கொண்டுவரச் சொன்னேன். காலடி எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முட்டியின் பாரம் தெரியுமளவு குறைகிறது. போனில் டிக் டிக் சத்தம் கொடுக்கும் செயலி ஒன்றை வைத்துப் பழகினார். முட்டிச் சில்லில் டேப் ஒட்டியது முதல் சில வாரங்களுக்கு மட்டும். வலியைத் தற்காலிகமாகத் தணித்துப் பயிற்சி செய்யவிட அது உதவுகிறது.

முதல் மூன்று வாரம்

சுவரில் சாய்ந்து பாதி குந்தி நிற்பது, நாற்காலி உயரம் வரை உட்கார்ந்து எழுவது, தாழ்வான படியில் ஏறுவது, மல்லாந்து இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது. வாரம் மூன்று நாள். எளிமையாகத் தெரிந்ததால் முதலில் அவருக்கு நம்பிக்கையில்லை. இரண்டாவது வாரம் பள்ளிப் பையில் புத்தகங்களை நிரப்பி மாட்டிக்கொண்டு செய்யச் சொன்ன பிறகு முகம் மாறியது. மூன்றாவது வார முடிவில் நடுவில் நடக்காமல் 8 நிமிடம் ஓடினார். வலி இரண்டு. பஸ்ஸில் உட்காரும்போது மட்டும் பழைய தொல்லை அப்படியே இருந்தது.

நான்காவது வாரச் சறுக்கல்

அகாடமியில் எல்லோருக்கும் நேரம் குறிக்கும் ஓட்டம் வைத்தார்கள். இவரும் நின்றார். 7 நிமிடம் 20 விநாடி. 7 நிமிடத்தைத் தாண்டியவர்களுக்கு மைதானத்தின் அகலத்துக்குத் தவளைப் பாய்ச்சல். நண்பர்கள் எல்லாம் குந்தும்போது தனியாக நிற்க மனம் வராமல் அதையும் செய்துவிட்டார். மறுநாள் காலை வலி ஆறு. வீட்டுக் கழிப்பறையில் குந்தி எழ முடியாமல் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்து எழுந்ததாகச் சொன்னார். "எல்லாம் போச்சு சார்" என்று தொடங்கி, ஸ்கேன் அறிக்கையை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

வீக்கம் இல்லை, மூட்டு முழுதாக அசைந்தது. புதுக் காயம் எதுவும் இல்லை, ஒரே நாளில் கூடிய பாரத்துக்கு முட்டி காட்டிய எதிர்ப்பு அது. இரண்டு நாள் நடை மட்டும், பிறகு ஒரு வாரம் முந்தைய அளவு ஓட்டம் என்று வைத்துக்கொண்டோம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை என்று சொன்னது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வலி ஐந்தாவது நாளில் பழைய இரண்டுக்கு வந்தது.

பயிற்சியாளரோடு பேசியது

அந்த வாரமே விடியற்காலையில் மைதானத்துக்குப் போனேன். பயிற்சியாளர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பணம் வாங்காமல் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

"ஆர்மில நாங்க பாக்காத வலியா சார்? முட்டி வலின்னு ஒருத்தன உக்கார வச்சா, நாளைக்கு பத்து பேரு உக்காருவான்."

"உக்கார வைக்க வேண்டாம் சார். ஓடட்டும். எவ்வளவு ஓடணும்னு மட்டும் நம்ம ரெண்டு பேரும் பேசிக்குவோம்."

தேவை 1500 மீட்டர். 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. இந்த வேகம் பழக தினமும் 8 கிலோமீட்டர் தார்ச்சாலை ஓட்டம் தேவையா என்று கேட்டேன். விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரி, தவளைப் பாய்ச்சல எடுத்துட்டா பனிஷ்மென்ட்டுக்கு என்ன சார் குடுக்க?"

"கயிறு ஏறச் சொல்லுங்க. பரிட்சைக்கும் அது வேணும்ல?"

சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து இவருக்கு மட்டும் தனிக் கணக்கு.

தேர்வு வரை

ஆறாவது வாரம் தேர்வுத் தேதி வந்தது. மூன்று வாரம் இருந்தது. அதுவரை மெதுவாக ஓடியவருக்கு அப்போதுதான் வேகம் சேர்த்தோம்: 400 மீட்டரை 1 நிமிடம் 50 விநாடிக்குள், நடுவில் இரண்டு நிமிட நடையோடு நான்கு முறை, வாரம் இருமுறை. மூன்றாவது நாள் மெதுவான 3 கிலோமீட்டர். புத்தகப் பையின் எடையும் ஏறியது. தாண்டும் பயிற்சியைக் கடைசியாக, மணல் குழியில், குறைந்த எண்ணிக்கையில்தான் அனுமதித்தேன். எட்டாவது வாரம் முழு 1500 மீட்டரை 6 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். மறுநாள் காலை வலி ஒன்று. கடைசி வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தோம். வலி ஊசி போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்டார். ஊசி இல்லாமல் ஓடிய ஓட்டம் கையில் இருக்கும்போது அது எதற்கு என்று சொன்னேன்.

தேர்வு நாளில் 7 நிமிடத்துக்குள் வசதியாக முடித்தார். கயிற்றில் நல்ல மதிப்பெண். நீளம் தாண்டுதலில் குறைந்தபட்ச தூரத்தை மட்டுமே தொட்டார். தாண்டும் பயிற்சியைத் தாமதமாகத் தொடங்கியதற்குக் கொடுத்த விலை அது. இறுதிப் பட்டியலில் சில மதிப்பெண் வித்தியாசத்தில் பெயர் வரவில்லை. அடுத்த அறிவிப்புக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். குயாலா மதிப்பெண் தேர்வு முடிந்த வாரத்தில் 91. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது வலி இல்லை. பலகையில் நின்று குதிகாலால் தரையைத் தொடும்போது முட்டி நேராக நின்றது. கரகர சத்தம் அப்படியேதான் இருக்கிறது, அவர் அதைக் கண்டுகொள்வதில்லை.

அடுத்தவருக்கு எதை மாற்ற வேண்டும்

ஓட்டத்தைக் கூட்டுவது எழுத்துத் தேர்வு முடிவு வந்த மறுநாள் தொடங்கக் கூடாது. விண்ணப்பம் போட்ட வாரத்திலேயே தொடங்கினால் 7 நிமிட ஓட்டத்துக்குத் தேவையான பலத்தை மாதக்கணக்கில் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம். படிப்புக்கு இடையில் வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் போதும். தாண்டுதலையும் அப்போதே குறைந்த அளவில் சேர்த்துவிட்டால், இவருக்கு ஆனதுபோலக் கடைசியில் நெருக்கடி வராது.

பயிற்சியாளரிடம் முதல் வாரத்திலேயே பேசிவிட வேண்டும். சிகிச்சை அறையில் எழுதிக் கொடுத்த கணக்கு, விசில் ஊதும் இடத்தில் தெரியாவிட்டால் நிற்காது. இந்த அகாடமியில் இப்போது தண்டனைக் குந்தல் யாருக்கும் இல்லை. மழைக் காலத்தில் தார்ச்சாலைக்குப் பதில் ரேஷன் கடைக்குப் பின்னாலுள்ள மண் பாதையில் ஓடுகிறார்கள். ஓட்டத்தோடு வேலையையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கொத்து வேலை, டைல்ஸ் வேலை, ஒர்க்‌ஷாப் வேலை செய்துகொண்டே ஓடும் பிள்ளைகள் இந்தத் தேர்வில் ஏராளம். அவர்களுடைய முட்டிக்குக் காலை ஓட்டம் ஒரு பகுதிப் பாரம்தான்.

இந்த நிகழ்வில் செய்ததை எல்லா முட்டி வலிக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூட்டு வீங்கியிருந்தாலும், மடக்கிய கால் பூட்டிக்கொண்டாலும், ஊன்றும்போது நழுவினாலும், காய்ச்சலோடு மூட்டு சூடாகச் சிவந்திருந்தாலும், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தாலும், எலும்பின் ஒரே புள்ளியில் தொட்டாலே துடித்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வளரும் வயதுப் பிள்ளை முட்டி வலிக்கிறது என்று நொண்டினால் முட்டியோடு இடுப்பு மூட்டையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். இடுப்பில் இருக்கும் கோளாறு அந்த வயதில் முட்டி வலியாகவே வெளிப்படுவதுண்டு.